எண்ணிக்கையா? கேள்வியா?

முறத்தால் புலியை விரட்டிய தமிழ்ப் பெண்ணைப் பற்றி நம் பேச்சுப் போட்டிகளில் முழங்காத ஆண்டே இல்லை எனலாம். இன்றோ, புலியை விரட்டுவதைவிடக் காப்பதே பெரும்பணி. அப்பணிக்கு அறிவியலைத் துணையாக்கிய பெண்மணி ஒருவரைப் பற்றி நம் மேடைகளில் எவரும் பேசக் காணோம். அவர்தாம் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் 2005-ஆம் ஆண்டில் பணியில் சேர்ந்த டாக்டர் உமா ராமகிருஷ்ணன்.

ஓர் ஆராய்ச்சியாளரின் பெருமையை அவர் வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது உலக வழக்கமாகிவிட்டது. மதிப்பெண்ணைக் கொண்டு நம்மை அளப்பது போலத்தான் இதுவும்! கட்டுரைப் பட்டியலைக் கூட்டிப் பார்ப்பதைவிட, அதில் ஊடுருவி ஓடும் கேள்வி எது என்று பார்ப்பதே முறை என்பது எமது கருத்து.

2004-ஆம் ஆண்டில், அமெரிக்கப் பேராசிரியை எலிசபெத் ஹாட்லியின் தலைமையில் வெளிவந்த கட்டுரை ஒன்றில் இவரும் பங்கு கொண்டார். யெல்லோஸ்டோன் பகுதியிலுள்ள ஒரு குகையில், ஏறத்தாழ 3000 ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்த சிற்றுயிர்களின் எலும்புகளே ஆய்வுப் பொருள். வெப்பம் மிகுந்த காலத்தில் 'கோஃபர்', 'வோல்' என்னும் இருவகைக் கொறிவிலங்குகளும் தொகையில் குறைந்தன. வளையை விட்டு அதிகம் நகராத கோஃபர் தன் மரபணு வளத்தை இழந்தது. இடம்பெயரும் இயல்புடைய வோலுக்கோ, வெளியிலிருந்து வந்து கலந்த உறவினால் அவ்வளம் பெருகியது.

“செத்த எலியின் எலும்பால் யாருக்கு என்ன பயன்?” என்று கேட்பவர் உண்டு. விடை புலியிடம் இருக்கிறது. 2013-இல் வெளிவந்த கட்டுரைக்காக, வெள்ளையர் காலத்தில் வேட்டையாடப்பட்டு அருங்காட்சியகங்களில் கிடந்த புலிகளின் மரபணுக்கள் ஆராயப்பட்டன. அவற்றில் கண்ட மைட்டோகாண்ட்ரியா மரபணு வகைகளில் 93 சதவீதம் இன்றைய புலிகளிடம் காணப்படவில்லை! 2021-இல் வெளிவந்த மற்றொரு கட்டுரை, ஒடிசாவின் சிமிலிபால் காட்டிலுள்ள 'கரும்புலி'களின் மர்மத்தை விளக்கியது. வரிகள் அகன்று ஒன்றோடொன்று கலந்து கறுத்துத் தோன்றுவதற்கு ஒரே ஒரு மரபணு மாற்றமே காரணம். வேறிடங்களில் மிக அரிதான இம்மாற்றம் அங்கு மலிந்திருப்பதற்குக் காரணம், அக்காட்டுப் புலிகள் சிறு கூட்டமாகத் தனிமைப்பட்டுப் போனமையே. பார்க்க அழகுதான், ஆயினும் அவ்வழகு ஓர் எச்சரிக்கை அன்றோ? வளைக்குள் ஒடுங்கிய கோஃபரின் கதையல்லவா காட்டிற்குள் ஒடுங்கிய புலியின் கதையும்? ஆகவே, காடுகளை இணைக்கும் வழித்தடங்களைச் சாலையும் சுரங்கமும் துண்டாடாமல் காப்பது, புலிகளை எண்ணிக் கணக்கெடுப்பதற்குச் சற்றும் குறையாத கடமை என்போம்.

நம் மலைகளையும் இப்பட்டியல் மறக்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிக் காடுகளில் வாழும் சிறு பறவைகளை ஆராய்ந்த குழுவிலும் இவர் இருந்தார். அக்குழு 2017-இல் ஒரு புதிய பேரினத்திற்குச் 'சோலிகோலா' என்று பெயர் சூட்டியது. நமது 'சோலை' என்ற சொல் அறிவியல் பெயருள் அமர்ந்துவிட்டது!

இன்னொன்றும் நம் கண்ணில் பட்டது. மேற்சொன்ன இரு புலிக் கட்டுரைகளிலும் மாணவரின் பெயர் முதலிலும் ஆசிரியையின் பெயர் கடைசியிலும் நிற்கின்றன. ஏணியாக நிற்பதில் பெருமை காணும் எம் ஆசிரியைகளுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

அன்பார்ந்த பெற்றோர்களே! மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காதவள்தான் விலங்கியல் படிப்பாள் என்ற எண்ணம் நம் இல்லங்களில் இன்னும் வேரூன்றிக் கிடக்கிறது. “பெண் பிள்ளைக்குக் காட்டில் என்ன வேலை?” என்ற கேள்வியும் உடன் எழுகிறது. உங்கள் அச்சம் அன்பினால் விளைந்தது என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும், விரும்பிக் கேட்கும் மகளுக்கு அப்படிப்பை இரண்டாந்தரமாகக் காட்டாதீர்கள் என்று பணிவுடன் வேண்டுகிறோம்.

தோழியரே! எத்தனை மதிப்பெண் என்று உலகம் நம்மைக் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். ஆண்டுகள் பல ஆயினும் விடாது பற்றத்தக்க கேள்வி ஒன்று நம்மிடம் இருக்கிறதா என்று நாம் நம்மையே கேட்போமாக!