மடக்கத்தக்கதும் இடியக்கூடியதும்

லிங்கராஜபுரத்தில் இரவு கடையடைக்கும் வேளையில் இரும்புப் பட்டைக் கதவுகள் இழுபடும் ஓசை கேட்கும். கடைக்காரர் தமிழரோ கன்னடரோ, அக்கதவின் பெயர் 'கொலாப்சிபிள் கேட்' என்பதுதான். கதவு இடிந்து விழுமோ என்று அப்பெயரைக் கேட்டு எவரும் அஞ்சுவதில்லை. ஹென்னூர் சாலை வழியே வடக்கே சென்றால் வரும் பாபுசாப்பாளையத்தில், 2024 அக்டோபர் 22 அன்று, பெருமழை நாளில், கட்டுமானத்திலிருந்த அடுக்குமாடிக் கட்டடம் விழுந்து தொழிலாளர்கள் மாண்டனர். மறுநாள் ஆங்கில நாளேடுகள் அதற்கு எழுதிய சொல்லும் 'கொலாப்ஸ்' தான்.

'கொலாப்சிபிலிட்டி' என்னும் கலைச்சொல்லுக்கு ஒரே தமிழ் நிகரனைத் தேடுவோர் இடறுவது இங்கேதான். ஆங்கிலம் ஒரே வினையில் அடக்கியதைத் தமிழ் மடக்கு, மடங்கு, இடி, சரி எனப் பிரித்தே வைத்திருக்கிறது. கதவு மடக்கத்தக்கது; கட்டடம் இடியக்கூடியது. 'தக்க' என்பதில் வடிவமைத்தவரின் நோக்கம் இருக்கிறது. 'கூடிய' என்பதில் அபாயம் இருக்கிறது. இவ்விரண்டையும் ஒரு சொல்லில் அடைப்பது மொழிச் சிக்கனமாகாது.

புள்ளியியலில் இச்சொல்லின் பொருள் வேறு: உட்பிரிவுகளை ஒன்றாக்கிய பின்னும் இரு மாறிகளுக்கிடையிலான தொடர்பின் அளவு மாறாதிருத்தல். 1973இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக முதுநிலைப் படிப்புகளுக்கு விண்ணப்பித்த ஆண்களுள் 44 விழுக்காட்டினரும் பெண்களுள் 35 விழுக்காட்டினரும் இடம் பெற்றனர். துறைவாரியாகப் பார்த்தபோது பெண்களுக்கு எதிரான அந்த வேறுபாடு மறைந்தது. பெண்கள் மிகுதியாக விண்ணப்பித்தவை இடம் கிடைப்பதே அரிதான துறைகள். அட்டவணை தானாக மடங்குவதில்லை, ஆய்வாளர்தான் மடக்குகிறார். எனவே இங்கும் பிறவினையே பொருந்தும்.

கட்டடத்தின் கதையோ சிக்கலானது. சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தனர். அதன் இணைக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. முதலாவது இடிந்தது, இரண்டாவது இடிக்கப்பட்டது. இலக்கணப்படி இரண்டும் சரி. ஆனால் முதலாவதற்கு மட்டும் செய்தவர் இல்லாமற் போனது எப்படி? மின்னல் தாக்கியதே காரணம் என்றும் அப்போது கட்டியோர் தரப்பில் கூறப்பட்டது. (வானத்து முழக்கத்துக்கும் சுவரின் வீழ்ச்சிக்கும் தமிழில் 'இடி' என்ற ஒரே சொல் இருப்பது அவ்விளக்கத்துக்கு எவ்வளவு வசதி!)

'கட்டடம் இடிந்தது' என்னும் தன்வினை வாக்கியத்தில் எழுவாய் கட்டடமே. மண்ணைச் சோதியாதவரும், தூணின் கம்பியைக் குறைத்தவரும், அனுமதியின்றி மேலும் ஒரு தளம் ஏற்றியவரும், அதைக் கண்டும் காணாதிருந்த அதிகாரியும் அதில் இடம்பெறார். 'இடியக்கூடிய தன்மை' எனக் கலைச்சொல் ஆக்கும்போது அந்த மறைப்பு பாடநூலிலும் நிலைத்துவிடும். கட்டடப் பொறியியலைத் தமிழில் எழுதுவோர் அத்தலைப்பின் கீழ், எது இடியும் என்பதோடு, யார் எதைச் செய்யாமல் விட்டால் இடியும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.