கூடிப் படித்தால் கோடி நன்மை. வழிகாட்ட ஆசிரியர் வேண்டும்!

தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?

"100 டிகிரி!" என்று பள்ளிப் பிள்ளைகள் பளிச்சென்று சொல்வார்கள். ஆனால் நீலகிரி மலையில் அப்படி அல்ல. ஊட்டி, கடல் மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிக்கட்டி போன்ற மலை ஊர்களிலும் 100 டிகிரி வராது.

காரணம் என்ன? உயரம் கூடினால் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். மலை ஊரில் பருப்பு வேக அதிக நேரம் ஆவது இதனால்தான். இது அங்குள்ள தாய்மார்களுக்கு நன்றாகத் தெரியும்.

இந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

இரண்டு வகுப்புகள்

பிக்கட்டியில் ஒரு உயர்நிலைப் பள்ளி வகுப்பை நினைத்துப் பாருங்கள். 40 பிள்ளைகள். நாலு பேருக்கு ஒரு குழு. ஆக 10 குழுக்கள். ஒவ்வொரு குழுவும் தண்ணீரைச் சுட வைக்கிறது. தெர்மாமீட்டரில் 93 வருகிறது. புத்தகத்தில் 100 என்று இருக்கிறது. பிள்ளைகள் விழிக்கிறார்கள்.

ஒரு ஆசிரியர் என்ன செய்வார்? "தெர்மாமீட்டர் சரியில்லை. 100 என்று எழுதுங்கள்" என்பார். கெட்டிக்காரப் பையன் எழுதுவான். மற்ற மூன்று பேரும் அதைப் பார்த்து எழுதுவார்கள். அவர்கள் உட்கார்ந்தது கூட்டமாக. படித்தது ஒன்றும் இல்லை!

இன்னொரு ஆசிரியர் உடனே பதில் சொல்லமாட்டார். "மற்றக் குழுக்களில் எவ்வளவு வந்தது? போய்ப் பார்த்து வாருங்கள்" என்பார். எல்லாக் குழுவிலும் ஏறக்குறைய 93. "10 தெர்மாமீட்டரும் ஒரே மாதிரி கெட்டுப் போகுமா?" என்று கேட்பார். "மேட்டுப்பாளையத்தில் இருக்கும் உங்கள் அத்தை வீட்டில் பருப்பு சீக்கிரம் வேகிறதே, ஏன்?" என்று கேட்பார். பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவார்கள். வாதாடுவார்கள். விடையைக் கண்டுபிடிப்பார்கள். அதை ஆயுள் முழுவதும் மறக்கமாட்டார்கள்.

இரண்டு வகுப்பிலும் பெஞ்சு ஒன்றுதான். தண்ணீரும் ஒன்றுதான். வித்தியாசம் ஆசிரியரிடம் இருக்கிறது.

தேயிலை சொல்லும் பாடம்

கூட்டுறவு என்றால் என்ன என்று குந்தா வட்டாரத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை 1962-ல் குந்தாவில் தொடங்கியது. பிக்கட்டியிலும் அப்படி ஒரு தொழிற்சாலை உண்டு.

அங்கே ஒவ்வொருவர் கொண்டுவரும் பச்சை இலையையும் தனித்தனியாக நிறுத்து, தனித்தனியாகக் கணக்கு எழுதுகிறார்கள். ஆனால் தூள் ஒன்றுதான். ஒருவர் முற்றிய இலையைக் கொண்டுவந்து போட்டால் எல்லோருடைய தூளும் தரம் கெடும்.

கூடிப் படிப்பதும் இப்படித்தான். குழுவுக்கு வேலை ஒன்று. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கணக்கு உண்டு. ஒருவர் தெர்மாமீட்டரைப் பார்க்க வேண்டும். ஒருவர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஒருவர் எழுத வேண்டும். ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். அடுத்த முறை வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். "நாலு பேரில் யாரை எழுப்பினாலும் பதில் வர வேண்டும்" என்று ஆசிரியர் சொல்லிவிட்டால் போதும். கெட்டிக்காரன் மற்றவர்களுக்குச் சொல்லித் தருவான். கூச்சப்படும் பெண்ணும் வாய் திறப்பாள்.

மற்ற ஊர்களில்

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், 1971-ல் ஒரு சோதனை நடந்தது. வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் அப்போதுதான் ஒரே வகுப்புக்கு வந்திருந்தார்கள். ஒரே சண்டை! எலியட் ஆரன்சன் என்ற மனோதத்துவ நிபுணர் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தார். ஆளுக்கு ஒரு துண்டு. மற்றவர் சொன்னால்தான் பாடம் முழுமையாகும். பகை தணிந்தது.

நம் நாட்டில், மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் ஜில்லாவில், 1972-ல் 16 பள்ளிகளில் ஒரு விஞ்ஞானத் திட்டம் தொடங்கினார்கள். கிராமத்துப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து சோதனை செய்து கற்றார்கள். ஆனால் முதலில் படித்தவர்கள் யார் தெரியுமா? ஆசிரியர்கள்! அவர்களே மாணவர்களைப்போலக் குழுவாக உட்கார்ந்து சோதனை செய்தார்கள். மாதந்தோறும் கூடித் தங்கள் கஷ்டங்களைப் பேசினார்கள். திட்டம் பல நூறு பள்ளிகளுக்குப் பரவியது. 2002-ல் அரசாங்கம் அதை நிறுத்திவிட்டது.

தமிழ்நாட்டிலும் முயற்சி நடந்தது. செயல்வழிக் கற்றல், படைப்பாற்றல் கல்வி என்ற திட்டங்கள் 2007-ஐ ஒட்டி மாநிலம் முழுவதும் வந்தன. ஆனால் இவை பெரும்பாலும் 8-ம் வகுப்பு வரையில்தான் இருந்தன. 9, 10-ம் வகுப்பு வந்ததும் பரீட்சை பயம் பிடித்துக்கொள்கிறது.

குறை யாருடையது?

"பாடத்தை முடிக்கவே நேரம் இல்லை" என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது; நடத்தவும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு பாடத்தை நடத்தினால் போதும். 10-ம் வகுப்பு விஞ்ஞானத்தில் 100 மார்க்கில் 25 மார்க் செய்முறைக்குத்தானே!

இன்னொரு உண்மையும் உண்டு. வெளியே சொல்ல வெட்கப்படும் உண்மை அது. ஆசிரியர் ஒருவரே பேசினால், தெரிந்ததை மட்டும் பேசிவிட்டுப் போகலாம். பிள்ளைகளைப் பேசவிட்டால், எதிர்பாராத கேள்வி வரும். அதற்குப் பாடம் ஆழமாகத் தெரிந்திருக்க வேண்டும். "எனக்குத் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லும் துணிவும் வேண்டும்.

இந்தத் திறமை உத்தரவு போட்டு வருவதில்லை. பழகித்தான் வரும். சமவெளியில் இரண்டு நாள் பிரசங்கம் கேட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்தால் வராது. பக்கத்து ஊர்ப் பள்ளிகளின் விஞ்ஞான ஆசிரியர்கள் மாதம் ஒரு நாள் கூடட்டும். ஒருவர் வகுப்பை மற்றவர் பார்க்கட்டும். குறை கண்டுபிடிக்க அல்ல, கற்றுக்கொள்ள. அதற்கு நேரமும் சாமான்களும் தர வேண்டியது அரசாங்கத்தின் பொறுப்பு.

பெற்றோருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. "வகுப்பில் ஒரே சத்தம்" என்று புகார் சொல்லாதீர்கள். தேயிலைத் தொழிற்சாலையில் சத்தம் கேட்டால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். வகுப்பிலும் அப்படித்தான்.

இன்று மாலை பிள்ளை வீட்டுக்கு வந்ததும், "எத்தனை மார்க்?" என்று கேட்காதீர்கள். "இன்று நீ யாருக்கு என்ன சொல்லிக் கொடுத்தாய்?" என்று கேளுங்கள்.

அந்தக் கேள்விக்குப் பிள்ளை பதில் சொன்னால், உங்கள் ஊருக்கு நல்ல ஆசிரியர் கிடைத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்!