காப்புக் கூட்டில் ஊரார்க்குப் பங்கு எங்கே?

பேரிடர்க் காப்பில் அரசும் தனியாரும் கைகோத்து இயங்கவேண்டும் என்னும் பேச்சு இற்றை நாளில் ஆட்சி மன்றங்களிலும் வணிகர் அவைகளிலும் ஓங்கி ஒலிக்கின்றது. 2015 மார்ச்சுத் திங்களில் சப்பான் நாட்டுச் செண்டாய் நகரில் கூடிய உலக நாடுகள், இடர்க்குறைப்பில் முதற்பொறுப்பு அரசினதே என்றும், தனியார் துறைக்கும் அதிற் பங்குண்டு என்றும் வரைந்து ஒப்பின. கூட்டே வேண்டா என்பார் நாமல்லோம். செய்தி கடத்தும் கோபுரங்களும் சுமையூர்திகளும் கிடங்குகளும் பெரும்பாலும் தனியாரிடமே உள. அவற்றை ஒதுக்கிவிட்டு அரசு தனித்து நின்று எதனைச் செய்யும்? ஆனால் இக்கூட்டு இருவர் தம்முள் செய்துகொள்ளும் உடன்படிக்கையாகவே இருந்து வருகின்றது. இடரைத் தன் தலைமேல் தாங்கும் மூன்றாமவன், கடற்கரையிலும் ஆற்றங்கரையிலும் வாழ்பவன், அதில் எங்கே நிற்கின்றான்? அவன் மொழி அதில் எங்கே இருக்கின்றது?

புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் ஊரில் நிகழ்ந்ததைத் தமிழர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். எம். எசு. சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் என்னும் அறக்கட்டளை 1998 முதல் புதுச்சேரிச் சிற்றூர்களில் செய்தி நடுவங்களை அமைத்து வந்தது. கணிப்பொறி அறக்கட்டளையினுடையது, நடுவத்தை நடத்தியவர்களோ ஊர் இளைஞரும் பெண்டிருமே. வீராம்பட்டினத்து நடுவத்தில், அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலையுயரக் கணிப்பை இணையத்தினின்று எடுத்துத் தமிழாக்கி, ஒலிபெருக்கியில் அறிவித்து வந்தனர். போர்க்கப்பலுக்கென ஆங்கிலத்தில் எழுதப்பட்ட செய்தி, நற்றமிழாய்க் கட்டுமரக்காரன் காதில் விழுந்தது. தமிழ் அறிவியலுக்கு உதவாது என்று இன்றும் பேசித்திரியும் படிப்பாளிகள் அக்கடற்கரையில் ஒரு காலைப்பொழுது நின்றிருக்க வேண்டும்.

2004 திசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் பணிபுரிந்த நல்லவாட்டு மகன் ஒருவர், ஆழிப்பேரலையைப் பற்றிய செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டு, தம் வீட்டாரைத் தொலைபேசியில் அழைத்து எச்சரித்தார். இங்கும் கடல் கரையேறத் தொடங்கியிருந்தது. ஊரார் செய்தி நடுவத்தின் கதவை உடைத்து உட்புகுந்து, ஒலிபெருக்கியில் ஊரைக் காலி செய்யுமாறு கூவினர். வீடுகள் இடிந்தன, படகுகள் அழிந்தன. ஆயின், ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் ஓர் உயிரும் போகவில்லை. அதே காலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

கதவை உடைத்தனர் என்பதை ஊன்றிப் பார்க்கவேண்டும். எந்த அலுவலரின் ஒப்புதலுக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. கருவி ஊருக்குள் இருந்தது. அது தங்களுடையது என்னும் எண்ணம் ஊராரிடம் இருந்தது. அதில் பேசுதற்குரிய மொழி அவர்தம் தாய்மொழியாக இருந்தது. அவ்வொலிபெருக்கியை இயக்கும் பொத்தான் எங்கோ ஒரு நிறுவனத்தின் தலைமையகத்தில், ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் பூட்டிக் கிடந்த அறையில் இருந்திருப்பின் என்ன ஆகியிருக்கும்?

பிறகு கருவிகள் பெருகின. ஐதராபாத்தில் நடுவணரசின் கடற்செய்தி நடுவம் 2007இல் ஆழிப்பேரலை எச்சரிக்கைப் பணியைத் தொடங்கியது. மேற்சொன்ன ஆய்வு நிறுவனமே குவால்காம் என்னும் அமெரிக்கக் குழுமத்தின் துணையோடு மீனவர்க்கான கைப்பேசிச் செயலியை உருவாக்கியது. இவை நல்லனவே. எனினும் 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் குமரிமுனையை ஒட்டிக் கடந்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலான ஊர்களினின்று நாட்கணக்கில் தங்கி மீன்பிடிக்கப் போயிருந்த ஆழ்கடல் மீனவர்க்கு உரிய நேரத்தில் ஒரு சொல்லும் எட்டவில்லை. கைப்பேசி அலை கரையினின்று சில கல் தொலைவிலேயே நின்றுவிடும். அதற்கப்பால் அதனைக் கொண்டுசெலுத்துவதில் எந்த நிறுவனத்துக்கும் ஊதியமில்லை. ஊதியமில்லாத இடத்தில் கூட்டும் இல்லாமற் போயிற்று. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான மீனவர் திரும்பவேயில்லை.

அவ்வளவு உயிர்களைக் கொடுத்த பின்னரே, 2019இல், செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலிலும் எச்சரிக்கை பெறும் செமினி என்னும் கருவி வந்தது. நடுவணரசின் செயற்கைக்கோளைக் கொண்டு, பெங்களூருத் தனியார் நிறுவனம் ஒன்று அதனைச் செய்தளித்தது. அதுவும் கேட்கும் கருவியேயன்றிப் பேசும் கருவியன்று. படகிலிருந்து கரைக்கு மறுமொழி அனுப்ப இயலாது. இருவழிக் கருவிகளை அரசே விலையின்றிப் படகுகளிற் பொருத்தத் தொடங்கியது அதற்கும் பின்னரே. வணிகம் நுழையாத கடற்பரப்பில் அரசு முதலில் பொருள் இட்டால்தான் தனியார் திறமும் பயன்படும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மொழிக்கு வருவோம். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுகளைப் பிரித்தறிந்து, கடலோட்டத்தை நீவாடு என்று பெயரிட்டு வாழ்பவன் நம் நெய்தல் நிலத்தான். அவனுக்கு அறிவிப்பு எழுதுவோர், ஆங்கிலத்தை எதிரே வைத்துச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்கின்றனர். போகலாமா, போனவன் எத்திசையில் திரும்பவேண்டும் என்பதன்றோ அவனுக்கு வேண்டுவது! துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண்ணிட்டு ஏற்றப்படும் புயற்கூண்டின் பொருளை, பட்டம் பெற்றவருள் எத்தனை பேர் அறிவர்?

நிலத்தில் நடப்பது இன்னுங் கொடிது. 2013ஆம் ஆண்டுக் குழுமச் சட்டப்படி, வரையறுத்த அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் முன் மூவாண்டு ஊதியத்தின் நிரவலில் 2 விழுக்காட்டைப் பொதுநலனுக்குச் செலவிடல் வேண்டும். 2019இல் பேரிடர்ப் பணியும் அதிற் சேர்க்கப்பட்டது. ஆனால் சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பை நினைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 5,000 எக்டேர் பரந்திருந்த அவ்வெள்ள வடிகால் பத்தில் ஒரு பங்களவாகச் சுருங்கிற்று. குப்பைமேடும் சாலைகளும் கண்ணாடி மாளிகைகளும் அதன்மேல் எழுந்தன. எழ இசைவு தந்தது அரசு, எழுப்பியவர் தனியார். அதுவும் ஒரு கூட்டுத்தானே! 2015 திசம்பர் வெள்ளத்தை மாந்தர் விளைத்த பேரிடர் என்று நடுவணரசின் தலைமைக் கணக்காயர் அறிக்கையே குறித்தது. அது 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஏரியை மூடிக் கிடைத்த ஊதியத்தில் 2 விழுக்காட்டுக்குச் சோற்றுப் பொட்டலம் வாங்கிப் படகில் வந்து வீசுவதற்கு இடர்க்குறைப்பு என்று பெயரிடுதல் தகுமா?

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் பத்தாம் நூற்றாண்டில், முதற் பராந்தகன் காலத்தில் வெட்டப்பெற்றவை. ஏரி வாரியம் என்று தனியொரு குழு அமைத்து, குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்தனர். அவ்வூரவை பார்ப்பனர் அவையே. பிறர்க்கு அதில் இடமில்லை என்பதை நாம் மறைப்பதற்கில்லை. ஆயினும் ஒரு விதி நம் கருத்திற்குரியது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடியும் வாரியத்துக்கு வரமுடியாது. இற்றை நாள் உடன்படிக்கைகளில் இத்தகைய ஒரு வரியையேனும் சேர்க்க நம் ஆட்சியாளர்க்கு நெஞ்சுரம் உண்டா? 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம், இடர் நேருங்கால் தனியார் ஊர்திகளையும் கட்டடங்களையும் அரசு எடுத்தாள இடந்தருகின்றது. இடருக்கு முன்னரே கணக்குக் கேட்பதற்கு ஊரவைக்கும் உரிமை தருக என்கின்றோம்.

ஆகத்து 15, அக்தோபர் 2 ஆகிய நாள்களில் ஊரவைகள் கூடுகின்றன. கீழைக்கடற்கரையில் பெருமழை தொடங்குமுன் வாய்ப்பது அக்தோபர் கூட்டமே. நம் அன்பர்கள் தத்தம் ஊரவையில் எழுந்து வினவுக: நம் ஊர்க் காப்புக்கென எந்த நிறுவனத்தோடு என்ன உடன்படிக்கை உள்ளது? ஒலிபெருக்கியும் மின்னாக்கியும் பழுதுற்றால் எத்தனை நாளில் சரிசெய்யப்படும், தவறினால் தண்டம் என்ன? திறவுகோல் எவரிடம் உள்ளது? உடன்படிக்கையின் படியைக் கேட்டுப் பெறுக. அது ஆங்கிலத்தில் மட்டும் இருக்குமாயின், தமிழில் எழுதிவந்து அவையில் படித்துக் காட்டுமாறு தீர்மானம் இயற்றித் திருப்பி அனுப்புக.