கடலுக்கு ஒரு கணக்கு

2023-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் சென்னை நகரை வருத்திக்கொண்டிருந்தபோதே, எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவிப் படகும் வலையும் கறுத்துப்போன செய்தியை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு ஏறக்குறைய ஏழு வருஷங்களுக்கு முன், 2017-ம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி, அதே எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டிற்று. ஜனங்கள் வாளி கொண்டு அந்தக் குழம்பைக் கரையிலிருந்து அள்ளினார்கள். இரண்டு சமயங்களிலும் பிரதானமாக எழுந்த கேள்வி ஒன்றே: எத்தனை படகுகள் கெட்டன, எத்தனை வலைகள் பாழாயின, எத்தனை குடும்பங்கள் பிழைப்பிழந்தன? இது நியாயமான கேள்வி. முதலில் கேட்கப்பட வேண்டியதும் இதுவே. ஆயினும் இதற்கு அடியில் மற்றொரு கேள்வி கிடக்கிறது. மீனுக்கு இரையாகக் கடலில் வாழ்ந்த சிற்றுயிர்களில் எவை மாண்டன, எவை எஞ்சின? படகும் வலையும் சில மாதங்களில் புதிதாகிவிடும். இரை அழிந்த நீரில் புதிய வலையை வீசிப் பயனென்ன?

இக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால், எண்ணெய் கொட்டுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். நமது கரையில் ஆங்காங்கே, அவ்வப்போது, தக்க அறிஞர்கள் செய்த ஆராய்ச்சிகள் பல உண்டு. ஆனால் ஆங்காங்கே எடுத்த குறிப்புகள் தொடர்ந்த கணக்காகா. கரை நெடுகக் குறித்த இடங்களில், மாதந்தோறும், இடைவிடாமல் எண்ணி வைக்கும் கணக்கு வேண்டுமென்பதே இன்று நாம் வற்புறுத்த விரும்பும் விஷயம்.

எந்தச் சிற்றுயிர்களைச் சொல்கிறோம் என்பதை முதலில் விளக்குவோம். இறால், நண்டு ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த சிறிய பிராணிகளே அவை. நமது சமையலறைக்கு வரும் சென்னாக்கூனி அவற்றில் பெரியது. அதை எல்லோரும் அறிவர். அதனினும் மிகச் சிறியவை, பெரும்பாலும் இரண்டு மில்லிமீட்டருக்கு உட்பட்டவை, கோபிபாடுகள் என்று சாஸ்திரிகள் பெயரிட்டவை. கால்கள் துடுப்பைப் போல் இயங்குவதால் துடுப்புக்காலிகள் என்று தமிழில் சொல்லலாம். கடல்நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசியை இவை உண்ணும். இவற்றை நெத்திலியும், கானாங்கெளுத்திக் குஞ்சும், சாளையும் உண்ணும். மூன்றாவது கூட்டம் ஆம்பிபாடுகள். பக்கவாட்டில் தட்டையான உடலுடைய இவற்றில் சில, கரையில் ஒதுங்கிய கடற்பாசியைப் புரட்டினால் தத்தித் தத்தி ஓடுவதைச் சிறுவர்களும் பார்த்திருப்பார்கள். மற்றவை கடலடியில் மணலிலும் சேற்றிலும் பவளப்பாறையிலும் குடியிருப்பவை. துடுப்புக்காலிகளில் மாத்திரம் உலகில் 10,000-க்கு மேற்பட்ட இனங்கள் இதுவரை விவரிக்கப்பட்டிருக்கின்றன.

உஷ்ணப் பிரதேசக் கடலுக்கும் குளிர்நாட்டுக் கடலுக்கும் இவ்விஷயத்தில் பெரிய வேற்றுமை உண்டு. குளிர்நாட்டுக் கடலில் மிதக்கும் துடுப்புக்காலிகளில் சில இனங்களே பெருங்கூட்டமாகப் பெருகும். நமது கடலிலோ இனங்கள் அநேகம். உருவமும் பெரும்பாலும் சிறியது. ஆகவே அங்கே தைத்த சட்டை இங்கே பொருந்தாது. இதற்கு ஓர் உதாரணம் சொல்வோம். 1959 முதல் 1965 வரை பல தேசங்கள் சேர்ந்து நடத்திய சர்வதேச இந்துமகா சமுத்திர ஆராய்ச்சியில், எல்லாக் கப்பல்களும் ஒரே மாதிரியான வலையைப் பயன்படுத்த வேண்டுமென்று தீர்மானித்தார்கள். 200 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே இழுக்கப்பட்ட அவ்வலையின் கண் ஏறக்குறைய மூன்றில் ஒரு மில்லிமீட்டர். ஒரே அளவான வலை என்பது சாஸ்திரத்துக்கு மிகவும் நல்லது. ஆனால் உஷ்ணக் கடலின் மிகச் சிறிய துடுப்புக்காலிகளும் அவற்றின் குஞ்சுகளும் அந்தக் கண் வழியே நழுவிவிடும். வலைக்கண்ணின் அளவை அறியாமல் மீன் கணக்குப் பேசுகிறவனை எந்த மீனவனும் நகைப்பான். கடலைப்பற்றிய எந்தப் புள்ளிவிவரத்தைப் பார்க்கும்போதும் இதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

இனி, இவை எங்கெங்கே எப்படிப் பரவியிருக்கின்றன என்பதைப் பார்ப்போம். நமது கரை ஒரே தன்மையுடையதன்று. பாக்கு நீரிணையை அடுத்த கடல் ஆழமற்றது. பெரும்பாலும் 15 மீட்டருக்குள் அடங்கும். அடியில் சேறும் கடற்புல்லும் உண்டு. இராமர் அணைக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் பாம்பன் பக்கம் வரை பவளப்பாறைகள் சூழ்ந்த தீவுக்கூட்டம் இருக்கிறது. 1986-ல் சர்க்கார் அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். வடக்கே பழவேற்காட்டிலும் பரங்கிப்பேட்டையிலும் ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் கழிமுகங்கள். ஒவ்வோரிடத்துக்கும் தனித்தனிக் குடிகள் உண்டு. பருவமும் இவற்றை மாற்றும். வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் பெருகும்போது கழிமுகத்தின் உப்பு குறைந்து, கடலுக்குரிய இனங்கள் வெளியே தள்ளப்படும். மழை ஓய்ந்து உப்பு ஏறும்போது மீண்டும் உள்ளே வரும். அக்காலத்தில் வங்காளக் குடாவின் உப்புக் குறைந்த நீர் கரையை ஒட்டித் தெற்கே ஓடும். தென்மேற்குப் பருவத்தில் நீரோட்டம் திரும்பும். நீரோடு மிதப்பவை நீரோடு இடம் மாறும்.

ஆனால் மிதப்பவைக்குச் சொன்னது அடியில் குடியிருப்பவைக்குச் செல்லாது. இந்தப் பேதமே நமது வாதத்துக்கு முக்கியம். துடுப்புக்காலிகளில் பல நீரோட்டத்தில் அலைபவை. ஓரிடத்தில் மாண்டாலும் வேறிடத்திலிருந்து வந்து நிரம்பக்கூடும். ஆம்பிபாடுகள் அப்படியல்ல. மீன்களைப்போல் முட்டையைக் கடலில் விட்டு அலையோடு அனுப்புவதில்லை. தாய் தன் வயிற்றின் அடிப்பையிலேயே முட்டைகளைச் சுமந்து, குஞ்சுகளைத் தன்னுருவில் தான் வாழும் இடத்திலேயே இறக்கிவிடும். ஆகையால் ஓரிடத்து ஆம்பிபாடுகள் அடியோடு அழிந்தால், அவ்விடம் மீண்டும் குடியேறப் பல வருஷங்கள் செல்லும். எண்ணெய்க்கு மிகச் சீக்கிரம் இரையாகும் பிராணிகளில் இவையும் சேர்ந்தவை.

இது யூகமன்று. 1978-ம் வருஷம் மார்ச்சு மாதம் 16-ந் தேதி, அமோக்கோ காடிஸ் என்னும் எண்ணெய்க் கப்பல் பிரான்சு தேசத்துப் பிரிட்டனிக் கரையில் பாறையில் மோதிற்று. இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட எண்ணெய் கடலில் கலந்தது. அக்கரையில் மோர்லே குடாவில் ஓரிடத்து மணலை, விபத்து நடப்பதற்கு முந்திய வருஷமாகிய 1977-லிருந்தே அங்குள்ள சாஸ்திரிகள் ஒழுங்காக எடுத்து, அதில் வாழும் பிராணிகளை எண்ணி வந்தார்கள். விபத்தை எதிர்பார்த்து அவர்கள் எண்ணவில்லை. எண்ணுவது தங்கள் கடமையென்று எண்ணினார்கள். அதன் பயனாக, அங்கே ஏராளமாயிருந்த ஆம்பிலிஸ்கா என்ற ஆம்பிபாடு இனங்கள் எண்ணெய்க்குப்பின் பெரும்பாலும் ஒழிந்துபோனதும், பழைய நிலைமை திரும்பப் பத்து வருஷங்களுக்கு மேல் ஆனதும் உலகுக்குத் தெரியவந்தது. கரையைப் பார்த்தவர்களுக்கு எண்ணெய் மறைந்து எல்லாம் சரியாயிற்று என்று தோன்றிய காலத்திலும், மணலுக்குள் நஷ்டம் நீங்கவில்லை. முன்கணக்கு இருந்ததனால்தான் இது புலப்பட்டது.

சட்டம் அறிந்த நேயர்கள் இவ்விடத்தில் ஒன்று கேட்கலாம். அந்தப் பிரெஞ்சுக் கரையோரத்தாருக்கு இக்கணக்கினால் நீதிமன்றத்தில் கிடைத்ததென்ன? கிடைத்தது சொற்பம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. அவ்வழக்கு அமெரிக்காவில் சிக்காகோ நகரத்து நீதிமன்றத்தில் நடந்தது. 1988-ல் நஷ்டஈட்டை நிர்ணயித்த நீதிபதி, கடலில் மாண்ட உயிர்களுக்கென்று கேட்ட தொகையைத் தள்ளிவிட்டார். அவை எவருக்கும் உடைமையல்லாத பொருள்கள். ஆகையால் அவற்றிற்காக வழக்காட எவருக்கும் உரிமையில்லை என்பது காரணங்களில் ஒன்று. நமது தேசத்துச் சட்டம் இதைவிட ஒரு படி முன்னே நிற்கிறது என்பது நமது அபிப்பிராயம். 1996-ல் வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் சாலைகளைப்பற்றிய வழக்கில், கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டுமென்ற கொள்கை இத்தேசத்துச் சட்டத்தின் பகுதி என்று சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தார்கள். அதே வருஷத்து டிசம்பரில் கமல்நாத் வழக்கில், கடற்கரையும் ஓடும் நீரும் போன்ற இயற்கைச் செல்வங்களுக்குச் சர்க்கார் ஜனங்களின் சார்பில் தர்மகர்த்தா என்று சொன்னார்கள். 2010-ம் வருஷத்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டமும் அக்கொள்கையை ஏற்றிருக்கிறது. வாசல் திறந்திருக்கிறது. உள்ளே நுழைய வேண்டியவன் கையில் சாட்சியம் இல்லாததே குறை. முன் இருப்பு இன்னதென்று காட்ட முடியாத தர்மகர்த்தா, களவுபோனது இன்னதென்று எப்படிக் காட்டுவார்?

நம்மவரிடம் அறிவு இல்லையென்று சொல்ல நாம் வரவில்லை. ஆதியில் நமது கடலை ஆராய்ந்தவர்கள் அந்நியர்களே. 1902-ல் லிவர்ப்பூல் பேராசிரியர் ஹெர்டுமன் இலங்கை முத்துப்பாறுகளைச் சோதிக்க வந்து சேகரித்தவற்றில் துடுப்புக்காலிகளைப்பற்றி தாம்ஸன், ஸ்காட் என்ற இருவர் 1903-ல் எழுதினார்கள். அது பிரசுரமானது லண்டனில். பிறகு ஸீவெல் என்பவர் இந்தியக் கடல்களின் துடுப்புக்காலிகளைப்பற்றி 1929-லும் 1932-லும் பெரிய நூல்கள் எழுதினார். அவை கல்கத்தாவில் வெளியாயின. குருசடைத் தீவின் கரையுயிர்களைப்பற்றிய ஏட்டைச் சென்னை மியூசியம் 1927-ல் வெளியிட்டது. சுதந்திரத்துக்குப்பின் 1959-ல் நாகப்பன் நாயர் சென்னைக் கரையின் ஆம்பிபாடுகளை விவரித்தார். அதையும் அந்த மியூசியமே பிரசுரித்தது. இந்துமகா சமுத்திர ஆராய்ச்சியில் கப்பல்கள் சேகரித்த மிதவையுயிர்களைத் தரம் பிரிக்கும் நிலையம் கொச்சியில் அமைந்தது. இலங்கைக் கடலின் சரக்கு சீமைக்குப் போன காலம் மாறி, பல தேசத்துக் கப்பல்களின் சரக்கும் கொச்சிக்கு வந்தது. இது நாம் பெருமை கொள்ளத்தக்க மாறுதல்.

ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் என்னென்ன இனங்கள் உண்டு என்ற ஜாபிதாக்கள். ஓரிடத்தில் எவ்வளவு உண்டு, எந்த மாதத்தில் ஏறிற்று, எந்த வருஷத்தில் இறங்கிற்று என்பதை ஜாபிதா சொல்லாது. 1947-ல் ஸ்தாபிக்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கரையில் இறங்கும் மீனை ஒழுங்கான முறையில் மதிப்பிட்டு வருகிறது. மீனுக்கு நடக்கும் காரியம் மீனின் இரைக்கு ஏன் நடக்கக்கூடாது?

துறைமுகமோ ஆலையோ கட்டுமுன் சுற்றுப்புற நிலைமையை ஆராய்ந்து அறிக்கை தரவேண்டுமென்று 2006-ம் வருஷத்து அறிவிப்பு விதிக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. அந்த அறிக்கையைத் தயாரிப்பவருக்குக் கூலி கொடுப்பவர் ஆலை கட்டுபவரே. மேலும் பல திட்டங்களில் மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்துக் கணக்கே போதுமென்று ஏற்றுக்கொள்ளப்படுகிறது. மழையே கடலின் குடிகளைப் புரட்டிப்போடும் நமது கரையில், மழைக்காலத்தை விட்டுவிட்டு எடுத்த கணக்கு எப்படி முழுக் கணக்காகும்?

இன்னொரு ஆட்சேபமும் உண்டு. மீனவன் டீசல் விலையாலும் துறைமுகக் குறையாலும் வருந்தும்போது, பூச்சியை எண்ணப் பணம் செலவழிப்பதா என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நமது பதில் இது: நஷ்டம் நேர்ந்தபின் சில மாதத்துப் பிழைப்பூதியம் கொடுத்து மீனவனை அனுப்பிவிடுவதற்கு மேல் சர்க்காரால் இன்று முடியாததற்குக் காரணங்களில் ஒன்று, அவன் இழந்தது பத்து வருஷத்து இரை என்று நிரூபிக்கும் கணக்கு இல்லாமையே. பூச்சியின் கணக்கு மீனவனின் பத்திரம்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரி வரை குறித்த இடங்களில் நீரையும் அடிமணலையும் மாதந்தோறும், மழைக்காலத்திலும் விடாமல், நமது கடலுக்கேற்ற சிறுகண் வலைகொண்டு எடுத்து எண்ண வேண்டும். எடுத்தவற்றின் மாதிரிகளை நமது மியூசியங்களில் பத்திரப்படுத்தி, இனம் பிரித்துப் பெயர் சொல்லும் வித்தையில் நமது மாணவர்களைப் பழக்கி, அவர்களுக்கு நிலையான உத்தியோகம் தர வேண்டும். கணக்கைத் தமிழிலும் அச்சிட்டுக் கரையோரப் பஞ்சாயத்துக்களுக்கு அனுப்ப வேண்டும். இவ்வேலையில் மீனவர்களையே கூலி கொடுத்து அமர்த்த வேண்டும். எந்த மாதத்தில் எந்த நீர் எப்படி ஓடும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்? இதற்கு ஆகும் செலவு ஒரு துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்கு ஆகும் செலவில் சிறு பகுதியாகவே இருக்கும்.

எண்ணூரில் இரண்டு முறை எண்ணெய் கொட்டிவிட்டது. மூன்றாம் முறை எப்போது, எந்தக் கரையில் என்பதை எவரும் சொல்ல முடியாது. அதற்குமுன் இக்கணக்கைத் தொடங்குவது சர்க்காரின் கடமை. தொடங்கச் செய்வது, சட்டசபையிலும் வெளியிலும் கடற்கரை ஜனங்களுக்காகப் பேசுகிறவர்களின் கடமை.