கொலைக் கதை படித்தால் கொலைகாரன் ஆகிவிடுவானா?

“அந்தப் பாழாய்ப்போன புத்தகத்தைத் தூக்கி எறிடா!”

இந்தச் சத்தம் கேட்காத வீடு உண்டா? கணக்குப் புத்தகத்துக்குள் மர்ம நாவலை ஒளித்து வைத்துப் படித்து, அப்பாவிடம் முதுகில் வாங்கியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். இன்று அந்த அப்பா நாற்காலியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம்!

ஊரில் எங்காவது ஒரு கொலை விழுந்தால் போதும். “எல்லாம் இந்த கிரைம் கதையைப் படிச்சுக் கெட்டதுதான் சார்” என்று டீக்கடையிலேயே தீர்ப்பு எழுதி விடுகிறார்கள். சாட்சி எங்கே? அதை யாரும் கேட்பதில்லை.

நிஜம் பெரிசா, கதை பெரிசா?

1952-ல் சென்னையைக் கலக்கியது ஆளவந்தார் கொலை. தலையில்லாத உடல் டிரங்குப் பெட்டிக்குள் ரயில் ஏறிப் போனது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. கோர்ட்டில் அலசப்பட்டது என்ன? பழைய உறவு, அதனால் மூண்ட ஆத்திரம். பொறாமை, பணம், நிலத் தகராறு, குடி... கொலைக்குக் காரணம் எப்போதும் இவைதான். இதற்கெல்லாம் பாக்கெட் நாவல் எதற்கு?

இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். அகதா கிறிஸ்டி 1961-ல் ‘தி பேல் ஹார்ஸ்’ என்று ஒரு நாவல் எழுதினார். அதில் கொலைக் கருவி தாலியம் என்கிற விஷம். முதல் உலகப் போரின்போது ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்தவர் அவர். விஷத்தின் அடையாளங்களைப் புட்டுப் புட்டு வைத்திருந்தார்.

பத்து வருஷம் கழித்து, 1971-ல், ஒருவன் கூட வேலை செய்தவர்களுக்கு இதே தாலியத்தைக் கொடுத்து இரண்டு பேரைக் கொன்றான். “பார்த்தீர்களா! நாவல் செய்த வேலை!” என்று பேச்சு கிளம்பியது. ஆனால் அவன் 14 வயசிலேயே பெற்ற தகப்பனுக்கு விஷம் வைத்துப் பிடிபட்டவன். அந்த நாவல் கடைக்கு வரும் முன்பே கைவரிசையைக் காட்டத் தொடங்கியவன்!

இன்னொரு பக்கமும் உண்டு. 1977-ல் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு கைக்குழந்தை உயிருக்குப் போராடிக் கொண்டிருந்தது. என்ன நோய் என்று டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் இருந்த நர்ஸ் அப்போது படித்துக் கொண்டிருந்தது அதே நாவல். குழந்தைக்கு முடி கொட்டுவதைப் பார்த்தார். “இது தாலியமா இருக்குமோ?” என்றார். சோதித்தார்கள். தாலியமேதான்! குழந்தை பிழைத்தது.

கொலைக் கதை ஒன்று உயிரைக் காப்பாற்றியது ஐயா!

நூறு வருஷப் பழக்கம்

தமிழனுக்கும் இது புதுசு அல்ல. ஜே.ஆர்.ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ வந்தது 1908-ல். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் நம் பாட்டன்மார் தூக்கத்தைக் கெடுத்தார்கள். அப்புறம் தமிழ்வாணனின் சங்கர்லால். சுஜாதாவின் கணேஷ் - வசந்த். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா. கோவை ராஜேஷ்குமார் 1500 நாவலைத் தாண்டி விட்டார்!

பெரிய இலக்கியக்காரர்கள் இவர்களை வாசல் திண்ணையோடு நிறுத்தி விட்டார்கள். ஆனால் பள்ளிக்கூடம் பாதியில் விட்ட ஒர்க்‌ஷாப் பையனை எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தது யார்? பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கிய இந்தப் புத்தகங்கள்தானே? பல்லவனில் நின்று கொண்டே படித்து, இறங்க வேண்டிய ஸ்டாப்பைக் கோட்டை விட்டவர்களைக் கேளுங்கள்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

அதற்காக எழுத்தாளர்கள் எல்லாரும் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. குறை உண்டு. கடுமையாகவே உண்டு.

முதல் பக்கத்திலேயே ஒரு பெண் பிணம். ரத்தம் நான்கு பாரா, கலைந்த சேலை நான்கு பாரா. அவள் யார், அவளை நம்பி இருந்தவர்கள் யார்... அதற்கு ஒரு வரி கிடையாது. கடைசி பக்கத்தில் வில்லன் எல்லாவற்றையும் தானே ஒப்பிப்பான். கதை முடிந்தது! செத்தவளை யாரும் நினைக்கவே இல்லை.

இருட்டை எழுதுவது தப்பில்லை. ஆனால் செத்தவளுக்கும் ஒரு தாய் உண்டு என்று தெரிந்து எழுத வேண்டும். நல்ல கொலைக் கதை படித்தால் கத்தி மேல் ஆசை வராது. செத்தவர் மேல் இரக்கம் வரும். குற்றம் செய்தவன் தப்ப முடியாது என்ற பயமும் வரும்.

சும்மா சொல்லக் கூடாது, பத்திரிகைக்காரர்கள் நாங்களும் யோக்கியம் இல்லை. ‘பயங்கரம்’, ‘சதக் சதக்’ என்று கொட்டை எழுத்தில் போஸ்டர் போட்டு விட்டு, கதாசிரியரைப் பார்த்து விரல் நீட்டினால் எப்படி? நாவலில் செத்தவர் மையில் பிறந்தவர். நாங்கள் படம் போடுகிறவரின் பிள்ளைகள் நாளைக் காலை பள்ளிக்கூடம் போக வேண்டியவர்கள்.

அப்பாமார்களே!

இன்று பையன் கையில் புத்தகமே அபூர்வம். வீட்டுக்கு வீடு செல்போன் வெளிச்சம்தான். அந்த வெளிச்சத்தில் நிஜக் கொலையே வீடியோவாக வருகிறது. அதில் யோசனை இல்லை, துப்பு இல்லை, தண்டனையும் இல்லை. நாவலிலாவது கடைசி பக்கத்தில் போலீஸ் வரும்!

ஆகவே, பையன் மர்மக் கதை படித்தால் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “கொலைகாரன் யாருன்னு கண்டுபிடிச்சியாடா?” என்று கேளுங்கள்.

அவன் தூங்கினதும் அதே புத்தகத்தை நீங்கள் எடுத்துப் படிக்கப் போகிறீர்கள்... அது எங்களுக்குத் தெரியாதா என்ன?