டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுத்தால் கடமை முடிந்ததா?



வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த 75 வயது அம்மா. ஆபரேஷன் முடிந்தது. "நாளைக்கு டிஸ்சார்ஜ், கூட்டிட்டுப் போங்க" என்கிறார்கள். கையில் ஒரு சீட்டு. மருந்து முதல் அறிவுரை வரை அத்தனையும் ஆங்கிலத்தில்!

வீட்டுக்கு வந்த பிறகு? ராத்திரி யார் தூக்கி உட்கார வைப்பது? வாக்கர் எங்கே வாங்குவது? குத்துக்காலிட்டு உட்காரக் கூடாதாம், வீட்டில் இருப்பதோ இந்தியன் டாய்லெட். பழைய சுகர் மாத்திரையை நிறுத்தணுமா, தொடரணுமா? ஆட்டோ பிடிக்கிற நேரத்தில் வாசலில் நின்று கேட்கிற கேள்விகளா இவை? அட்மிஷன் போட்ட அன்றே திட்டமிட வேண்டியவை.

70 வயது தாண்டிய எல்லாருக்கும் 5 லட்சம் காப்பீடுன்னு 2024 அக்டோபரில் பிரதமர் தொடங்கி வைத்தார். அந்த ஆயுஷ்மான் திட்ட விதியைப் படிங்க. ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு 15 நாளைக்குத்தான் மருந்து, பரிசோதனைச் செலவு. எலும்பு கூடவே மாதக்கணக்கில் ஆகும். 16-வது நாள் யார் பொறுப்பு? பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் கூலி, டயப்பர் செலவு? ஒரு பைசா கிடையாது. முதியோர் ஓய்வூதியத்திலாவது தாராளமா? 80 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 2007-லும் அதே 200!

"குடும்பம் பார்த்துக்கும்" என்பார்கள். குடும்பம் என்றால் யார்? வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காரும் மகள், மருமகள். அவர்கள் இழக்கும் கூலி எந்த பட்ஜெட் கணக்கிலும் வராது.

தமிழ்நாட்டில் வழி இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபியும் வலி தணிக்கும் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. யார் தொடங்கினாலும் நல்லதை நல்லதுன்னுதான் சொல்வோம். ஆனால் குடும்பம் அலைந்து கேட்டு வாங்குவதா? அரசோ தனியாரோ, எந்த ஆஸ்பத்திரியிலிருந்து முதியவர் கிளம்பினாலும், அன்றைக்கே அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் போகணும். மூன்று நாளுக்குள் செவிலியர் வீடு வந்து பார்க்கணும். என்ன மருந்து, என்ன பயிற்சி, எந்த அறிகுறி வந்தால் உடனே ஓடி வரணும் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுக்கணும். வாக்கரும் கமோடு நாற்காலியும் சுகாதார நிலையத்திலேயே இரவலாகக் கிடைக்கணும். இதற்கு அரசாணை கேட்கிறோம்.

உங்க வீட்டுப் பெரியவங்களை என்ன சொல்லி அனுப்பினாங்க? கமெண்ட்டில் எழுதுங்க. ஆஸ்பத்திரி பேர் வேண்டாம், நடந்தது போதும். தொகுத்து சுகாதாரத் துறைக்கு மனுவாகக் கொடுக்கிறோம்.

#முதியோர்_மருத்துவ_உரிமை