உடைஞ்சது வாசக்கதவு, இடிக்கச் சொல்றது வீட்டை!

நமக்குப் பொட்டி தட்டுற பொழப்பு. அப்படியும் போன வாரம் ஒரு சர்வீஸ் சென்டர்ல என் தலையில மொளகா அரைக்கப் பார்த்தாங்க மக்களே.

அப்பாவோட பழைய டிஜிட்டல் கேமரா. மினி யூஎஸ்பி போர்ட் உடைஞ்சு உள்ளே போயிருச்சு. அதுலதான் அப்பத்தாவோட கடைசிப் பொங்கல் படங்கள். கவுண்டர்ல இருந்தவர் அஞ்சே செகண்ட்ல தீர்ப்பு எழுதிட்டார்: "போர்டையே மாத்தணும் சார். அதுக்குப் புதுசே வாங்கிடலாம். இதை எக்ஸ்சேஞ்ச்ல போட்டுருங்க."

யோவ்! வாசக்கதவு உடைஞ்சா கொல்லைக்கதவு வழியா போக மாட்டோமா?

படம் இருக்கறது எஸ்டி கார்டுல. கேமராவை அணைச்சிட்டு, பேட்டரி மூடியைத் திறந்து கார்டை ஒரு அமுக்கு அமுக்கினா வெளிய வரும். கார்டு ரீடர்ல சொருகி கம்ப்யூட்டர்ல மாட்டினா, டிசிஐஎம் ஃபோல்டர்ல அத்தனையும் இருக்கு. அம்புட்டுதான்!

ஒண்ணே ஒண்ணு: ரொம்பப் பழைய ரீடர் 2 ஜிபிக்கு மேல உள்ள எஸ்டிஹெச்சி கார்டைப் படிக்காது. "ஃபார்மேட் பண்ணவா?"ன்னு கம்ப்யூட்டர் கேட்டா, தயவுசெஞ்சு வேணாம்னு சொல்லிட்டு வேற ரீடர் தேடுங்க.

எஸ்டி கார்டு 1999-லயே அறிவிச்ச சமாச்சாரம். கேமரா ரிப்பேர் பண்றவருக்கு இது தெரியாதா? தெரியும். சொன்னா வியாபாரம் படுத்துரும். நான் தலையாட்டியிருந்தா அப்பத்தாவும் எக்ஸ்சேஞ்ச்ல போயிருக்கும். என் கோவம் அதுக்குத்தான்.

டிஸ்கி: படங்களை ரெண்டு இடத்துல காப்பி எடுத்தாச்சு. நீங்க எடுத்தாச்சா? :-)